கொப்பியின் ஓரத்தில் ஒரு கேள்வி

கணித ஆசிரியரின் கைத்திறனைக் காணவேண்டுமென்றால் அவர் திருத்திய கொப்பியைத்தான் முதலில் புரட்டவேண்டும். தேற்றத்தை அழகாக விளக்கப் பலருக்கு வரும். பிழையான விடையின் ஓரத்தில் பொருத்தமான ஒரு வரி எழுதச் சிலருக்கே வரும். புத்தளத்து உப்பளத்தை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். பாத்தியின் நீளம் 40 மீற்றர், அகலம் 25 மீற்றர், உவர்நீரின் ஆழம் 5 சென்ரிமீற்றர். நீரின் கனவளவு என்ன? மூன்றையும் அப்படியே பெருக்கி 5000 கனமீற்றர் என்று எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். சரியான விடை 50. சிவப்புக் கோடு கிழித்துப் பூச்சியம் போடலாம். 'அலகை மாற்று' என்றும் எழுதலாம். ஆனால் அங்கே பிழையைக் கண்டுபிடித்தவர் ஆசிரியர்தான். 'உன் பாத்தியில் இறங்கினால் தண்ணீர் எதுவரை வரும்?' என்று எழுதுகிறவரே என் மனதுக்குப் பிடித்த ஆசிரியர். புத்தளத்தின் பாலாவிப் பக்கத்துப் பிள்ளைக்கு உப்புப் பாத்தியின் ஆழம் தெரியும். தான் எழுதிய விடைப்படி நீர் ஐந்து மீற்றர், ஆளே மூழ்கிப்போகும் ஆழம், என்று கண்டதும் அது தானாகவே திரும்பிப் போய் அலகைப் பிடித்துவிடும். விடையைத் தன் அறிவோடு ஒட்டிப் பார்க்கிற பழக்கமும் அந்த ஒரு வரியில் வந்துசேர்கிறது.

அந்த வரியின் பக்கத்தில் புள்ளி இல்லாதிருப்பது எனக்கு இன்னும் பிடிக்கும். இஸ்ரேலியப் பாடசாலை மாணவரிடையே ரூத் பட்லர் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் செயலிலும் முன்னேறினார்கள். குறிப்போடு புள்ளியும் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. அந்தப் பணிகள் கணிதத்துக்கென்று அமைந்தவை அல்ல. ஆனாலும் புள்ளியைக் கண்ட கண் குறிப்பை வாசிப்பதில்லை என்பது கணிதக் கொப்பிக்கு நன்றாகவே பொருந்தும்.

மாதிரி வினாத்தாள்களை அடுக்கடுக்காகச் செய்விப்பதே சிறந்தது என்பவர்களின் கவலை நியாயமானது: சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாவிட்டால் உயர்தரத்துக்கான வழி குறுகிவிடுகிறது. ஆனால் அந்தப் பரீட்சையின் புள்ளியிடும் திட்டமே படிமுறைகளுக்கும் புள்ளி தருகிறது. தன் படிமுறையைத் தானே சோதிக்கக் கற்ற பிள்ளை அங்கேயும் தோற்காது. நாற்பது கொப்பிக்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். எல்லாக் கணக்குக்கும் வேண்டாம். ஒரு பாட அலகுக்கு ஒரு கணக்கு போதும். ஒரே பிழை பத்துக் கொப்பிகளில் வரும், ஒரே கேள்வி பத்துப் பேருக்கும் உதவும்.

என் மனக்குறை வேறு. வகுப்பிலேயே ஆசிரியர் மாணவரைக் கணிப்பிடும் பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற நல்ல எண்ணம் பல இடங்களில் படிவம் நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிட்டது. கோப்பில் புள்ளிகள் நிறைகின்றன, கொப்பியின் ஓரம் வெறுமையாகக் கிடக்கிறது. கணிப்பீட்டைச் சீர்திருத்த விரும்புகிறவர்கள் புதிய படிவம் அச்சிடுவதை விட்டு, நல்ல கேள்வி எழுத ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் கொடுக்கவேண்டும்.