சந்தேகமும் சாட்சியமும்

மும்பையின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பாடவேளை முடிந்ததும் கைப்பேசியில் நாடிச் செல்லும் பொழுதுபோக்குகளில், நடந்த கொலைகளையும் துலங்காத மரணங்களையும் ஆராய்வதாகக் கூறும் யூடியூப் காணொளிகளுக்கு முக்கியமானதொரு ஸ்தானம் உண்டு. தமிழிலும் ஹிந்தியிலும் வந்து குவியும் இவை இளம் பருவத்தினருக்கு ஏற்றவைதாமா என்று கவலையுறும் பெற்றோர், பெரும்பாலும் இரத்தத்தையும் பயங்கரத்தையுமே மனத்திற்கொண்டு கவலைப்படுகிறார்கள். அதனினும் ஆழமான ஓர் ஆபத்தும், அதற்கு நிகரான ஒரு பிரயோஜனமும் இவற்றில் உண்டு என்பதும், சந்தேகத்தைச் சாட்சியத்தினின்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை ஒரு காணொளி வளர்க்கிறதா, அழிக்கிறதா என்பதைக் கொண்டே அதன் தகுதியை நிர்ணயிக்க வேண்டும் என்பதும் என் துணிபு.

மர்மத்தில் இளமனம் ஈடுபடுவது புதிதன்று. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களை எழுதிய காலந்தொட்டு, தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலைப் பள்ளிச் சிறுவர்கள் ஆவலோடு பின்தொடர்ந்த காலம்வரை, இவ்வகைக் கதைகள் வாசிப்பு ருசியையும் யுக்தியோடு சிந்திக்கும் வழக்கத்தையும் ஒருங்கே வளர்த்தன. ஆயினும் அங்கே மாண்டவரும் கற்பனை, கொன்றவரும் கற்பனை. கடைசி அத்தியாயத்தில் உண்மை தவறாமல் வெளிப்பட்டுவிடும். காணொளியில் பேசப்படும் மரணத்துக்கோ அழுது தீராத ஒரு குடும்பம் உண்டு. சந்தேகிக்கப்படுபவருக்கு மானமும் பிழைப்பும் உண்டு. கடைசி அத்தியாயமோ பல சமயங்களில் எழுதப்படாமலே நின்றுவிடுகிறது.

இக்காணொளிகளின் நன்மையை அறிய, மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளை இயல்பாகவே ஈர்க்கும் ராமன் ராகவ் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 1960களில், நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கிக் கிடந்த ஏழைகளை நள்ளிரவில் அடித்துக் கொன்ற அந்தத் தமிழன், முன்பு ஒருமுறை போலீசாரிடம் அகப்பட்டும் போதிய சாட்சியம் இல்லாமையால் விடப்பட்டு, போலீஸ் அதிகாரி ரமாகாந்த் குல்கர்ணி விசாரணையை ஏற்று நடத்திய 1968ஆம் ஆண்டின் ஆகஸ்டில் மீண்டும் பிடிபட்டான். அவன் இன்னானென்பதை விரல்ரேகை உறுதிசெய்தது. கொலைகளை ஒப்புக்கொண்ட அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபின், மனநோய் மருத்துவர் மூவர் அவனைப் பரிசோதித்துச் சித்தம் பேதலித்தவன் என்று கூறவே, உயர் நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 1995இல் புணேயில் நோயுற்று இறந்தான். இதனை ஒழுங்காக எடுத்துரைக்கும் ஒரு காணொளியிலிருந்து, சாட்சியமில்லாதபோது கொலைகாரனைக்கூடச் சட்டம் விட நேரும் என்பதையும், ஒப்புதல் வாக்குமூலத்தோடு நீதியின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதையும் பதினைந்து வயதுப் பிள்ளை அறிந்துகொள்ளலாம். பாடப்புத்தகத்தின் குடிமையியல் அத்தனை எளிதில் மனத்தில் பதிவதில்லை.

ஆனால் அதே வழக்கு, இரும்புத் தடியையும், வாக்குமூலம் தருமுன் அவன் கேட்டு உண்ட கோழிக்கறியையும் வருணிப்பதற்கு ஒரு சாக்காகவும் ஆகக்கூடும். அவ்வாறு ஆகும்போது கொன்றவன் பெயர் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிறது. கொல்லப்பட்ட ஏழைகளில் ஒருவர் பெயரும் தெரியாமற் போகிறது. கள்ளச்சாராயத்தால் செல்வாக்குப் பெற்ற வரதராஜ முதலியாரைப் பற்றிப் பேசுவோர், அவர் வாழ்க்கையை ஒட்டி 1987இல் வெளிவந்த ‘நாயகன்’ திரைப்படத்தின் நிகழ்ச்சிகளை வரலாற்றோடு கலந்துவிடும்போது, தாராவிப் பையன் தன் பேட்டையின் சரித்திரமென்று எண்ணிச் சினிமாவையே கற்றுக்கொள்கிறான்.

இதனினும் கொடிய தீங்கு, முடிவுபெறாத வழக்குகளில் நேர்கிறது. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் 2020 ஜூன் 14 அன்று பாந்த்ராவில் இறந்தபோது, ஊரடங்கினால் வீட்டுக்குள் அடைபட்டு, இணையவழிப் பாடத்துக்கென்று கைப்பேசியைக் கையில் ஏந்தியிருந்த பிள்ளைகளின் கண்முன்னே, கொலையென்று அடித்துச் சொல்லும் காணொளிகள் நாள்தோறும் வந்து விழுந்தன. அவ்வாண்டின் அக்டோபரில் எய்ம்ஸ் மருத்துவர் குழு கொலையன்று, தற்கொலையே என்று கருத்துக் கூறியது; 2025 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்கை முடித்து அறிக்கை தாக்கல் செய்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு பெண் நாடெங்கும் கொலைகாரியாகத் தூற்றப்பட்டாள். புலன்விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது, குற்றம் நிகழ்ந்த இடத்தைப் புனைந்து காட்டுதலையும் சாட்சிகளைப் பேட்டி காணுதலையும் தவிர்க்கும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரி 18 அன்று ஊடகங்களுக்குக் கட்டளையிட்டது. தற்கொலை முறையை விவரித்தலும் அதனைக் கவர்ச்சியாகச் சித்திரித்தலும் கூடாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவுறுத்தியிருப்பது, இளம் வயதினர் உள்ளிட்ட, எளிதில் பாதிப்புறுவோர் அதனைப் பின்பற்றிச் செய்யக்கூடும் என்பதனால் ஆகும்.

சட்டம் காத்துக்கொள்ளும் என்று வாளாவிருத்தல் இயலாது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுப் பிரிவுகளை வகுத்தபோதிலும், அவை நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களுக்கே உரியன. தனிமனிதர் பதிவேற்றும் காணொளிகளுக்கு அவ்வகைச் சான்றிதழ் கிடையாது. பத்தடிக்குப் பத்தடி அறையில் எல்லாரும் ஒன்றாக இருந்தாலும், காதில் மாட்டிய ஹெட்போன் பிள்ளையைத் தனியனாக்கிவிடுகிறது.

முற்றத் தடுத்தலே நலம் என்பாரும் உளர். தடுத்த பண்டத்தின்மேல் பிள்ளைகளுக்கு ஆசை பெருகும் என்பது ஒருபுறமிருக்க, அநீதி கண்டு ‘இது ஏன் நடந்தது’ என்று கேட்கும் நல்லுணர்ச்சியையும் சேர்த்தே அத்தடை அடக்கிவிடும் என்பது என் அச்சம். ஆகவே, நீதிமன்றம் தீர்ப்பளித்து முடிந்த வழக்குகளை, ஆதாரம் இன்னதென்று சொல்லி, மாண்டவரை மதித்துப் பேசும் காணொளிகள் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு ஏற்றவை. அதற்குக் கீழ்ப்பட்டோர் பெரியவர் ஒருவரோடு அமர்ந்து பார்த்தலே தகும். விசாரணையில் உள்ள வழக்கில் தாமே தீர்ப்புக் கூறும் காணொளிகள் எவ்வயதுப் பிள்ளைக்கும் ஏற்றவையல்ல. சயானிலுள்ள பம்பாய்த் தமிழ்ச் சங்கமும் மாட்டுங்காவின் பள்ளிகளும், வழக்கறிஞர் ஒருவரை அழைத்து, தீர்ந்த வழக்கொன்றைப் பிள்ளைகளோடு விவாதிக்க ஏற்பாடு செய்யுமாயின், இதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று கேட்கும் பயிற்சி அவர்களுக்குக் கைவரும். அப்பயிற்சி பெற்ற பிள்ளை, ஊர் கூடி ஒருவரைக் குற்றவாளியென்று கூவும் நாளில், தானும் சேர்ந்து கூவாமல் சாட்சியம் எங்கே என்று கேட்பான்.