தயக்கமும் தொடக்கமும்

மேடை ஏறும் இளைஞர் பலர், பேச்சைத் தொடங்குமுன் மன்னிப்பைத் தொடங்கிவிடுகின்றனர். "எனக்குப் பேசத் தெரியாது, இத்தனை பெரியவர்கள் முன்னே நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்" என்கின்றனர். இதனை அடக்கம் என்று போற்றுவாரும் உளர். அடக்கமன்று, அச்சம் என்போம் நாம். சொல்லக் கருத்தில்லையெனில் மேடை எதற்கு? கருத்து இருக்கிறதெனில் மன்னிப்பு எதற்கு?

1863 நவம்பர் 19. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்க்கென அமைந்த கல்லறைத் திடலின் தொடக்க விழா, கெட்டிஸ்பர்க் நகரில். முதன்மைச் சொற்பொழிவாளர் எட்வர்ட் எவரெட், ஆர்வர்டு பல்கலைக் கழகத் தலைவராக இருந்தவர், நாடறிந்த நாவலர். தெளிந்த வானையும் பரந்த வயலையும் மலைத்தொடரையும் வருணித்து, இந்த அமைதியைக் கலைக்கத் தமது எளிய குரல் தயங்குகிறது என்னும் பொருள்படத் தொடங்கினார். தயங்கியவர், இரண்டு மணி நேரம் பேசினார்!

அவர்க்குப் பின் எழுந்தவர் குடியரசுத் தலைவர் லிங்கன். விளிகளின் அணிவகுப்பு இல்லை, வருணனை இல்லை, தயக்கம் இல்லை. எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் பிறந்த நாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கணக்கிட்டுப் பாருங்கள்: 1776! அரசியல் சட்டம் தீட்டப்பட்ட 1787 அன்று. மனிதர் அனைவரும் சமம் என்று விடுதலைப் பிரகடனம் முழங்கிய ஆண்டு. சட்டமோ அடிமை முறைக்கு இடம் தந்திருந்தது. ஆண்டைத் தேர்ந்தெடுத்ததிலேயே லிங்கன் தம் வாதத்தை நாட்டிவிட்டார். அடிமை என்ற சொல்லே அவ்வுரையில் இல்லை! எனினும், எதிர்ப்பாளர் ஏடான 'சிக்காகோ டைம்ஸ்' அரசியல் சட்டத்தைக் காட்டிச் சீறிற்று. அம்பு எங்கே தைத்தது என்பது அதிலிருந்தே விளங்கும்.

எவரெட்டைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. அப்போரின் வரலாற்றை நாள்வாரியாக விரித்துரைத்தவர் அவர். லிங்கன் இரண்டு நிமிடத்தில் விழாவின் மையக் கருத்தை நெருங்கிய அளவு, தாம் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்வேன் என்று மறுநாளே மடல் தீட்டிய பெருந்தன்மையும் அவருடையதே. ஆனால் அந்த மடலே அவருடைய தொடக்கத்துக்குத் தீர்ப்பும் ஆகிறது.

துணிவு குரலில் இல்லை, கருத்தில் இருக்கிறது. எந்த உண்மையிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தவனுக்குக் கை நடுங்கலாம், கருத்து நடுங்காது. மேடை ஏறுமுன் அதனை முடிவு செய்வோம். மன்னிப்பு, தவறு செய்தவர்க்கு உரியது. உண்மை பேச வந்தவர்க்கு அன்று.