‘நான் யார்?’ நூலின் இரு வடிவங்கள்: பயிற்றுமுறை நோக்கில் ஓர் ஆய்வு

கற்பித்தல் பற்றித் தமிழில் எழுந்த சிந்தனை பழமையும் நுட்பமும் உடையது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ் சொல்லுதல், மாணாக்கன், பாடங் கேட்டல் என ஐந்து பகுதிகளாக இப்பொருளை வகுத்து ஆராய்கின்றது. இலக்கணம் கற்பார் அதனை ஓதி மேற்செல்லுதல் வழக்கம். அஃது ஓதி விடுதற்குரிய முகவுரை மட்டுமன்று. கற்பிக்கும் நோக்குடன் எழுந்த எந்நூலையும் மதிப்பிடுதற்குரிய அளவுகோலும் ஆகும். அவ்வளவுகோல் கொண்டு, திருவண்ணாமலையில் தோன்றிய ‘நான் யார்?’ என்னும் சிறுநூலை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அந்நூல் உணர்த்தும் சமயக் கொள்கையின் மெய்ம்மையை நிறுவுதலோ மறுத்தலோ எம் நோக்கமன்று. ஒரே பொருள் வினாவிடையாகவும் கட்டுரையாகவும் இருவேறு வடிவில் நமக்குக் கிடைத்துள்ளமையின், பயிற்றுமுறைகளை ஒப்பிட்டு நோக்குதற்கு இதனினும் வாய்ப்பான இடம் அரிது என்பதே இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம்.

நன்னூலார் கூறும் நாற்கூறு

பவணந்தியார் கருத்துகளுள் இவ்வாய்வுக்கு வேண்டுவன மூன்று. முதலாவது, ஆசிரியன் விரைவும் வெகுளியும் இன்றி, மாணாக்கன் எவ்வாறு ஏற்றுக்கொள்ள வல்லன் என்பதை அறிந்து, அவன் உள்ளத்தில் பதியுமாறு உரைத்தல் வேண்டும் என்பது. இரண்டாவது, கற்றவற்றை நினைத்தல், ஆசிரியனை அடைந்து கேட்டல், ஒத்தாரொடு பழகுதல் ஆகியவற்றோடு, வினவுதலும் பிறர் வினவியதற்கு விடை கூறுதலும் மாணாக்கனுடைய கடமைகள் என்பது. மூன்றாவது கருத்தே யாவற்றினும் வியக்கத்தக்கது. ஆசிரியன் உரைத்ததை ஒருவன் குறைவறக் கொண்டானாயினும் அவன் பெற்றது புலமையில் காற்கூறே. உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு கால் வரும். தான் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய இருகாலும் நிரம்பும் என்கின்றார் அவர்.

ஆசிரியனுக்கு இத்துணை உயர்வு கொடுத்த ஒரு நூல், அவனது பங்கு காற்கூறே எனத் துணிந்து வரையறுத்தது எண்ணத்தக்கது. ஆசிரியனுக்கு மலையை உவமை கூறிய பவணந்தியார், அம்மலையின் வளத்தைக் கொண்டு பயன்பெறும் தொழிலை மாணாக்கனிடமே விட்டனர். ஆகவே, ‘இம்முறை ஆசிரியனது கூற்றை எவ்வளவு நன்றாக விளக்குகின்றது?’ என்று கேட்டு அமைதல் போதாது. ‘எஞ்சிய முக்காலுக்கு எவ்வளவு இடம் விடுகின்றது?’ என்பதும் உடன் கேட்கப்படல் வேண்டும்.

அண்ணாமலையின் ஆசிரிய மரபு

திருவண்ணாமலையில் இவ்விடம் விடும் மரபு ரமணர்க்கு முன்னரே விளங்கியது. கன்னட நாட்டினின்று போந்து இம்மலைக் குகையில் வாழ்ந்தவர் குகை நமச்சிவாயர். அவர்தம் மாணாக்கர் குரு நமச்சிவாயர். ஆசிரியர் ஒரு வெண்பாவின் முற்பகுதியை மட்டும் கூறி நிறுத்த, மாணாக்கர் எஞ்சியதை முடித்தார் என்பதும், ஒரு தறியில் இரண்டு யானைகளைக் கட்டலாகாது எனக் கூறி ஆசிரியர் அவரைத் தில்லைக்கு அனுப்பினார் என்பதும் செவிவழிச் செய்திகள். இவை நிகழ்ந்தவாறே நிகழ்ந்தனவா என ஆராய்தல் வேறு. பாதிச் செய்யுளைக் கொடுத்தலும், முடிக்க வல்லவன் ஆனபின் தன்னிடத்தினின்றும் போக்குதலும் ஆகிய இவற்றை ஆசிரியத் தொழிலின் சிறப்பாக இவ்வூர் மரபு போற்றி வந்தது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

நூல் தோன்றிய வகை

மதுரையில் உயர்நிலைப் பள்ளி மாணவராயிருந்த வேங்கடராமன் என்னும் ரமணர் 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல்நாள் திருவண்ணாமலையை அடைந்தார். சில ஆண்டுகளில் மலைமீதுள்ள விரூபாட்சக் குகையில் தங்கலானார். மெய்ப்பொருளியல் பயின்று பட்டம் பெற்றுத் தென்னார்க்காட்டு மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை, 1901-02 அளவில் அவரைக் கண்டு தம் ஐயங்களை வினவினார். ரமணர் அந்நாளில் பேசாதிருந்தமையின் விடைகள் எழுத்தாலேயே கிடைத்தன. அவ்வினாவிடைகள் 1923இல் நூலாக வெளிவந்தன. சில ஆண்டுகளுக்குப் பின்னர் ரமணர் தாமே வினாக்களை நீக்கி, விடைகளை இணைத்து, தொடர்ந்த கட்டுரையாக அதனை அமைத்தார்.

ஆசிரியர் தம் கையாலேயே செப்பஞ் செய்தது கட்டுரை வடிவமாதலின், அதுவே முதன்மையுடையது என்றும், வினாவிடை வடிவம் அதற்கு மூலமாய் அமைந்த குறிப்பு என்றும் கருதுவார் உளர். நூலாசிரியரின் இறுதிக் கருத்தை அறிதற்கு அக்கொள்கை பொருந்தும். பயிற்றுமுறையை அறிதற்கு அது பொருந்துவதன்று. இரு வடிவங்களும் இருவேறு மாணாக்கரை நோக்கி எழுந்தவை என்பது எம் கருத்து. அதற்குச் சான்றுகள் நூலகத்தேயே உள்ளன.

தொடக்க வேறுபாடு

வினாவிடை வடிவம் மாணாக்கரது வினாவோடு தொடங்குகின்றது, ‘நான் யார்?’ என்பதே முதல் வினா. அதனை ஏன் வினவுதல் வேண்டும் என்று அவருக்கு எவரும் கூறவேண்டுவதில்லை. வேட்கை அவரிடத்தே உளது. கட்டுரை வடிவமோ அவ்வாறு தொடங்கவில்லை. எல்லா உயிரும் துன்பக் கலப்பற்ற இன்பத்தையே எக்காலத்தும் விரும்புகின்றன, தன்னிடத்தே யாவர்க்கும் பெரும்பற்று உளது, ஆதலின் தன்னை அறிதல் இன்றியமையாதது என ஒரு முன்னுரையை அமைத்துக்கொண்டே வினாவிற்குச் செல்கின்றது. இம்முன்னுரை வினாவிடையில் இல்லாதது. கட்டுரை எழுதுங்கால் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

இச்சேர்க்கையின் காரணம் யாது? கட்டுரையைப் படிப்பவன் முகம் அறியாதவன், வினவாது வந்தவன். அவனுக்கு விடை கூறுமுன் வினாவையே அவனிடத்துத் தோற்றுவித்தல் ஆசிரியர்க்குக் கடனாயிற்று. மாணாக்கன் எதிரே இல்லாதபோது அவனது பங்கையும் ஆசிரியனே ஏற்க நேரும் என்பதும், நல்லாசிரியன் அப்போதும் விடையை முன்னே வைத்துவிடாது வேட்கையை முன்னே வைப்பான் என்பதும் இதனால் விளங்கும்.

ஐயம் இருக்கும் இடம்

மற்றோர் இடத்தையும் நோக்குவாம். மனத்தை அடக்கும் வழி யாது என வினவிய சிவப்பிரகாசர், தன்னை நாடும் ஆராய்ச்சியே வழி என்ற விடையோடு அமையவில்லை. வேறு வழி உண்டா என்கின்றார். மூச்சை அடக்குதல் முதலியன துணையாகுமேனும் அவற்றால் வரும் அடக்கம் நிலைத்ததன்று என விடை வருகின்றது. பின்னர், கடலலை போல் அளவிறந்து எழும் பழைய வாசனைகள் எப்போதுதான் ஒழியும் என்றும், அவை ஒழிதல் இயலுமோ என்றும் கேட்கின்றார். ஒவ்வொரு வினாவும் முன்னை விடை நின்ற இடத்தினின்றே பிறக்கின்றது. கற்பவன் எவ்விடத்தில் தயங்கினான் என்பதை இவ்வரிசை நமக்குக் காட்டுகின்றது. அத்தயக்கத்தை அறிந்தே ஆசிரியர், இயலுமோ இயலாதோ என்னும் எண்ணத்திற்கே இடங்கொடாது முயல்க என ஆற்றுகின்றார்.

கட்டுரையிலும் அவ்வறிவுரை உளது. ஆயினும் ஆண்டு ஐயம் என்பது விலக்கத்தக்க ஒரு பொருளாய்ச் சுட்டப்படுகின்றதேயன்றி, ஐயுற்ற ஒருவனது குரலாய்க் கேட்கப்படுவதில்லை. கருத்தொழுங்கில் கட்டுரை சிறப்புற்றது உண்மை. ஆனால் வினாவிடையைப் படிக்கும் மாணவன், தனக்கு முன்னே ஒருவன் இவ்விடத்தில் தயங்கினான் என அறிந்து ஊக்கம் பெறுகின்றான். நன்னூலார் ஒத்தாரொடு பழகுதலால் வரும் எனக் கூறிய காற்கூற்றை, நூல்வடிவில் இயன்ற அளவு தருவது வினாவிடையே என்க.

மாணாக்கர் சேர்த்த பகுதி

முதல் வினாவிற்குரிய விடையில், உடலும் பொறிகளும் தொழிற்கருவிகளும் மூச்சும் மனமும் ‘நான்’ அல்ல என ஒவ்வொன்றாய் விலக்கிச் செல்லும் நீண்ட பகுதி ஒன்று உண்டு. இஃது ரமணர் எழுதிய விடையில் இல்லாதது. சிவப்பிரகாசர் தாம் முன்னரே கற்றவற்றைக் கொண்டு விளக்கம் கருதிச் சேர்த்தது என ரமணர் வழியினர் குறிப்பர். இதனை இடைச்செருகல் என ஒதுக்குதல் எளிது. பயிற்றுமுறை நோக்கில் இதுவே நூலின் அரிய சான்று. ஆசிரியர் தந்த குறுகிய விடையை மாணாக்கர் தம் பழைய கல்வியோடு பொருத்தி விரித்துக்கொண்டார். அவ்விரிவு ஆசிரியரது நெறிக்கு முற்றும் பொருந்துமா என்பது வேறு ஆராய்ச்சி. பெற்ற விடை அவரது உள்ளத்தில் செயற்பட்டது என்பதற்கு இது கரியாகும்.

இத்தொழில் முழுமை பெற்ற இடம் முருகனாரது குருவாசகக் கோவை. தமிழாசிரியராய்ப் பணியாற்றிய முருகனார், தாம் கேட்ட கருத்துகளை வெண்பாக்களாய் யாத்து ஆசிரியர் முன் வைத்தார். ஆசிரியர் பார்த்துத் திருத்தியதோடு தாமும் சில வெண்பாக்கள் சேர்த்தார். அந்நூல் 1939இல் வெளிவந்தது. கேட்டவன் உரைக்க, உரைத்தவன் கேட்டுத் திருத்தும் இம்முறை, நன்னூலார் கூறிய பின்னிரு காலுக்கும் தக்க எடுத்துக்காட்டு.

வினாவிடையின் மூவகை

வினாவும் விடையுமாய் அமைந்தவை எல்லாம் ஒருமுறையின என எண்ணுதல் பிழை. தமிழில் அவை மூவகைப்படும். உமாபதி சிவாசாரியரின் வினாவெண்பா மாணாக்கரது வினாக்களையே செய்யுளாக்கி, விடையைக் கற்பார் ஆராய்ந்து கொள்ள விடுகின்றது. மனவாசகங் கடந்தாரது உண்மை விளக்கத்தில் மாணாக்கர் வினவ ஆசிரியர் விடை கூறுகின்றார், ‘நான் யார்?’ இவ்வகையினது. மூன்றாம் வகைக்கு ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை சான்று. அதில் வினா ஆசிரியனுடையது. விடை பிள்ளைகள் ஓதி ஒப்பித்தற்குரியது. 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவிய நாவலர்க்கு, பல பிள்ளைகள் ஒருங்கே பிழையின்றிக் கற்றற்குரிய நூல் வேண்டியிருந்தது. அத்தேவைக்கு அவ்வடிவம் நன்கு உதவியது. இளையோர்க்கு அடிப்படை அறிவைத் திண்ணமாய்ப் பதித்தற்கு அம்முறை இன்றும் பயன்படுவதே.

ஆயின் மூன்றாம் வகை ஏனைய இரண்டையும் விழுங்கிவிடுமாயின் வருவது கேடு. தேர்வு நெருங்குங்கால் கடைகளில் குவியும் வினாவிடைத் தொகுப்புகளை நோக்குக. அவற்றில் வினாவும் மாணாக்கனுடையதன்று, விடையும் அவனுடையதன்று. வினவுதலும் விடை கூறுதலும் மாணாக்கன் கடமை என நன்னூலார் கூறினார். ஈண்டு இரண்டையும் நூல் விற்போர் செய்துமுடிக்கின்றனர். மாணாக்கனுக்கு எஞ்சுவது நினைவில் வைத்தல் ஒன்றே. வடிவால் ‘நான் யார்?’ நூலை ஒத்த இத்தொகுப்புகள் முறையால் அதற்கு நேர்மாறானவை.

இதற்கு மாற்றாக அட்டைகளும் குழுக்களும் அமைத்துப் பிள்ளைகள் தத்தம் வேகத்தில் கற்குமாறு செய்த செயல்வழிக் கற்றல், 2007-08இல் தமிழகத் தொடக்கப்பள்ளிகள் எங்கும் பரப்பப்பட்டது. அது நன்னூலார் கூறிய இரண்டாம் காலுக்கு வகுப்பறையில் இடந்தர முயன்றது என்னலாம். எனினும் அட்டையும் வினாவைத் தானே வைத்திருப்பது. அதனைக் கடந்து பிள்ளை தானே ஒன்றைக் கேட்கும் பொழுது ஆசிரியர் அருகிருந்து கேட்பாராயின் முறை பயன்தரும். அட்டைகளை முறையாக அடுக்குதலே தம் பணி என அவர் எண்ணுவாராயின், முறை புதிதாயினும் பயன் பழையதே.

முடிபு

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவன இவை. ‘நான் யார்?’ நூலின் இரு வடிவங்களுள் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. வேட்கையோடு வந்தவனுக்கு அவன் தயங்கும் இடமறிந்து விடை கூறுவது வினாவிடை. வேட்கை இன்னும் தோன்றாதவனிடத்து அதனைத் தோற்றுவித்துப் பின் விடைதருவது கட்டுரை. பதிப்புத்தோறும் வினாக்களின் தொகை வேறுபட்டு வந்துள்ளது. இன்று பரவலாய் வழங்கும் பதிப்பு 28 வினாக்களை உடையது. இனிப் பதிப்பிப்போர் சிவப்பிரகாசரது வினாக்களையும் அவர் சேர்த்த பகுதியையும் பின்னர் அமைந்தவற்றையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். இல்லையேல் மாணாக்கரது குரல் தேய்ந்து, நூல் ஒப்பித்தற்குரிய மூன்றாம் வகையாய் மாறிவிடும்.

அளவிறந்த நூல்களைப் படித்துக்கொண்டே போதலால் பயனில்லை, கற்றவை அனைத்தையும் ஒருகாலத்தில் மறக்கவேண்டி வரும் என்று கூறும் நூல் இது. தன் எல்லையைத் தானே உரைக்கும் இத்துணிவும், ஆசிரியனது பங்கு காற்கூறே என்ற நன்னூலாரது துணிவும் ஓரினத்தன. பயிற்றுமுறை எதுவாயினும், மாணாக்கனது வினாவை அவனிடமே விட்டுவைப்பதே அதனை நன்முறையாக்கும் என்பது எம் துணிபு.