துறைமுகமும் வீரக்கதையும்

நமது வரலாற்று நாவல்களிற் கடல், வீரன் நீந்திக் கடப்பதற்கும் காதலி படகு செலுத்துவதற்கும் அமைந்த அரங்கமாகவே பெரிதும் விளங்குகின்றது. துறைமுகத்திற் சுங்கம் தண்டியவன் யார், அச்செல்வம் எங்கே சென்றது என்ற வினாக்கள் அங்கு அரிதாகவே எழுகின்றன.

1950ஆம் ஆண்டிலே தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இவ்வகையில் ஓரளவு விதிவிலக்கு. ஈழத்திற் போரிடும் சோழப் படைக்கு உணவு எங்கிருந்து வரவேண்டும் என்ற பிணக்கினை அந்நாவல் எழுப்புகின்றது. தாய்நாட்டிலிருந்தே அனுப்புக என்பது அருள்மொழியின் நிலை. வென்ற நாட்டிலேயே பெறுக என்பது பெரிய பழுவேட்டரையரின் நிலை. வினா கூர்மையானது. ஆயின் இளவரசனின் கருணையையே ஆசிரியர் அதற்கு விடையாக்கிவிடுகின்றார்.

வரலாறு தரும் விடை வேறு. கீழ்த்திசை, மேற்றிசை வணிகம் சந்தித்த மாதோட்டம் சோழர் கைப்பட்டு இராசராசபுரமாயிற்று. 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டபோது விகாரைச் செல்வங்களும் கொள்ளைபோயின எனச் சூளவம்சம் கூறும். பிக்குகள் இயற்றிய நூலில் மிகை இருத்தல் கூடும். கருணைக்கு அங்கு இடமிருந்ததாகத் தோன்றவில்லை.

கடாரப் படையெடுப்பும் இத்தகையதே. நாகபட்டினத்திலே சிறீவிசய அரசர் எடுத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்தவன் இராசராசன். 1025இல் அவ்வரசின் துறைகளைத் தாக்கியவன் அவன் மகன் இராசேந்திரன். மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்தும் கடாரம், இலாமுரிதேசம், நக்கவாரம் முதலியன சீனத்துக்குச் செல்லும் கடல்வழியை ஒட்டியவை. அங்கே நிலையான ஆட்சி நிறுவப்படவில்லை. வேண்டியிருந்தது வழியே, நிலமன்று. நட்பும் பகையும் ஒரே வணிகத்தின் இரு முகங்களாயின.

இவ்வுண்மையை எந்த நாவலினும் தெளிவாகப் பேசுவது நயினாதீவுக் கல்வெட்டு. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பளிக்கும் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு; பிற சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு. போருக்கு வேண்டிய விலங்கைக் கொணர்பவனுக்குச் சலுகை! சிங்கள மன்னன் அதனைத் தமிழிற் பொறித்தான் என்பது, இனப்போராகவே அக்காலத்தைக் காண்போர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி.

கலம் உடைந்தபோது பண்டாரத்தின் பங்கு எழுதப்பட்டது. கடலில் மாண்ட கலவரின் பங்கை அவ்வாணை பேசவில்லை. நாளைய வரலாற்று நாவலாசிரியன் தொடங்கவேண்டிய இடம் அதுவே.