'அரை' என்னும் அடை: மரியா கேம்பெல் நூலின் தமிழாக்கச் சிக்கல்

மரியா கேம்பெல் 1973இல் வெளியிட்ட 'ஹாஃப்பிரீட்' என்னும் தன்வரலாறு, கனடா நாட்டு மேத்தி மக்களின் எழுத்திலக்கியத்திற்கு அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்றாகும். க்ரீ, ஒஜிப்வே முதலிய தொல்குடி மகளிர்க்கும், மென்மயிர்த்தோல் வணிகத்தின் பொருட்டு வந்த பிரெஞ்சு, ஸ்காட்லாந்து ஆடவர்க்கும் பிறந்தோர் வழியில் தனி இனமாக உருப்பெற்றவர் மேத்தியர். இந்நூலைத் தமிழாக்க முற்படுவோர் முதற்பக்கத்தைப் புரட்டுமுன்னரே தலைப்பில் இடறுவர். அவ்விடறலையே இக்கட்டுரை ஆராய்கிறது.

தலைப்புச்சொல் ஒரு வசை. 'பாதி' என்னும் அளவுப்பெயரும் கால்நடையின் இனத்தைச் சுட்டும் சொல்லும் இணைந்த தொகை அது. வெள்ளையர் வாயில் இழிசொல்லாக வழங்கியதை ஆசிரியர் அறிந்தே அட்டையில் பொறித்தார். எனவே நாகரிகமான நிகரனைத் தேடுவது அவர் செயலை மறைப்பதாகும். நம் கைக்கு முதலில் அகப்படும் சொல் 'கலப்பினத்தவர்'. ஆனால் தமிழில் கலப்பினம் என்பது பசுவுக்கும் விதைக்கும் உரியது. அங்கே அது மிகுவிளைச்சலைக் குறிக்கும் பாராட்டு. மாந்தர்க்கு ஏற்றினால் அது நோகச் செய்வதுமில்லை, பெருமை தருவதுமில்லை. 'கலப்படம்' வசையாகும், எனினும் அது சரக்கைச் சுட்டுமேயன்றி மக்களைச் சுட்டாது. அநுலோமர், பிரதிலோமர் என்னும் வடசொற்களோ தாய்தந்தையரின் வருணத்தை நிறுத்துப் பார்ப்பவை. அவற்றை ஒதுக்குவதே முறை. (ஐரோப்பியத் தந்தைவழி வந்தோரைத் தமிழர் 'சட்டைக்காரர்' என்றனர். குருதியை விட்டு உடையைக் கண்ட பெயர் அது. இங்கு உதவாதெனினும் நினைவில் கொள்ளத்தக்கது.)

க்ரீ மொழியிலும் இம்மக்களுக்கு 'அரை' அடையுடன் கூடிய பெயர் உண்டு என்பதைத் திறனாய்வாளர் பலர் போதிய அளவு கருதுவதில்லை. ஒதுக்குநிலங்களில் வாழ்ந்த தொல்குடி உறவினர் தம்மை அவ்வாறு அழைத்ததை கேம்பெல் மறைக்கவில்லை. ஆயின் 'ஆப்பிஹ்தவிகோசிசான்' என்னும் அச்சொல்லைப் பிரித்தால் கிடைப்பது 'அரை' என்பதும் 'மகன்' என்பதுமாம். ஆங்கிலத்தில் பாதியாவது விலங்கினம்; க்ரீயில் பாதியாவது உறவுமுறை. பாதி மகனும் வீட்டுக்குள் இருப்பவனே. இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்ப்பவர், ஆசிரியர் இருபுறமும் பட்ட வெவ்வேறு காயங்களை ஒன்றாக்கிவிடுகிறார். 'ஒட்டிபேமிசிவக்' என்னும் மற்றொரு க்ரீப் பெயரில் பாதியும் இல்லை, கலப்பும் இல்லை. தம்மைத் தாமே ஆள்வோர் என்பதே அதன் பொருள்.

தலைப்பிற்கு 'அரைச்சாதி' என்பதே பொருந்துமென்பது என் கருத்து. சாதி நாய், சாதிக் குதிரை என்னும் வழக்குகளில் அச்சொல் ஆங்கில மூலத்தின் விலங்குப் பொருளையே தருகிறது. அரைகுறை, அரைவேக்காடு என்பவற்றால் 'அரை'யின் இளக்காரமும் நமக்குப் பழக்கமானது. படிப்போர் மேத்தியரை ஒரு சாதியாகக் கருதிவிடுவர் என்னும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. அதனால்தான் இச்சொல் பிறர் வாயில் வருமிடங்களிலும் தலைப்பிலும் மட்டுமே நிற்க வேண்டும். மக்கள் தம்மைச் சுட்டுமிடத்து 'மேத்தி' என்றே எழுதுதல் வேண்டும்.

பாதி என்னும் கணக்கு பொருந்தாமைக்கு மொழியியலார் ஏற்கும் சான்று மிச்சிப் மொழி. 'மேத்திஃப்' என்னும் பழம் பிரெஞ்சு வடிவில் இகரத்திற்கு முன் நின்ற தகரம் அண்ணவொலியாகியே இப்பெயர் தோன்றிற்று. 'படித்து' பேச்சில் 'படிச்சு' ஆவதை அறிந்த நமக்கு இது புதிதன்று. இம்மொழியில் பெயர்த்தொடர் பெரும்பாலும் பிரெஞ்சு, வினை பெரும்பாலும் சமவெளிக் க்ரீ. பீட்டர் பாக்கர் 1997இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டுவதுபோல, இது இருமொழியின் தேய்ந்த எச்சமன்று. பிரெஞ்சின் ஆண்பால் பெண்பால் பகுப்பும், க்ரீயின் உயிருள்ளன உயிரில்லன பகுப்பும் ஒருங்கே நிற்கின்றன. க்ரீ வினையின் சிக்கலான அமைப்பும் குன்றவில்லை. இருமடங்கு இலக்கணத்தைச் சுமக்கும் ஒரு மொழியைப் பேசுவோரைப் பாதி என்பது எங்ஙனம்?

சட்டமும் காலந்தாழ்த்தே இவ்விடத்திற்கு வந்தது. 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பு மேத்தியரைத் தொல்குடியினருள் ஒருவராக ஏற்றது. 2003இல் பவுலி வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் தன்னடையாளம், முன்னோர்த் தொடர்பு, சமூகத்தின் ஏற்பு ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டது. குருதியின் விழுக்காட்டை அது கேட்கவில்லை.

மொழிபெயர்ப்போர் 2019ஆம் ஆண்டுப் பதிப்பையே மூலமாகக் கொள்ளல் வேண்டும். காவல்படையினர் ஒருவர் ஆசிரியர்மீது நிகழ்த்திய பாலியல் வன்முறையைக் கூறும் பகுதியை, 1973இல் அவர் இசைவின்றிப் பதிப்பாளர் நீக்கினர். அது இப்பதிப்பிலேயே மீண்டும் இடம்பெற்றது.

தமிழ் இழக்கும் இடங்களைப் பேசினோம். ஈட்டும் இடம் ஒன்றும் உண்டு. 1885ஆம் ஆண்டு எழுச்சி ஒடுக்கப்பட்டு லூயி ரியல் தூக்கிலிடப்பட்டபின், நிலமிழந்த மேத்தியர் பலர் சாலைக்கென அரசு ஒதுக்கிய நிலக்கீற்றுகளில் குடிசையிட்டனர். அதனாலேயே அவர்க்கு அந்நிலத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டது. கேம்பெல் 1995இல் வெளியிட்ட கதைத்தொகுப்பின் தலைப்பிலும் அது உண்டு. அரசு அலுவலகத்தார் எழுதும் அந்த நிலச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் தானே வசையாகும் தன்மை இல்லை. தமிழில் 'புறம்போக்கு' என்கிறோம். நிலத்திற்கும் அதுவே, ஆளை ஏசுவதற்கும் அதுவே.