எண்ணமா, செயலா - எது முதலில்?

மனச்சோர்வால் வாடுபவருக்கு நாம் எளிதில் வழங்கிவிடும் அறிவுரை, "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்பது. எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைப் பொதுமக்களுக்கு விளக்க முன்வந்த புகழ்பெற்ற நூல், அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸ் 1980-இல் வெளியிட்ட 'ஃபீலிங் குட்'.

ஆரன் பெக் வகுத்த சிகிச்சை முறையை இந்நூல் எளிமையாகத் தருகிறது. மனத்தில் எழும் எண்ணத்தை எழுதுக. அதிலுள்ள பிழையைக் காண்க. பொருத்தமான விடையை எதிரே எழுதுக. தாம்பரத்தில் ஒரு மாணவர் ஒரு பாடத்தில் தவறிவிட்டார் எனக் கொள்வோம். "நான் எதற்கும் உதவாதவன்" என்கிறார். தவறியது ஒரு பாடம்தானே? 'எதற்கும்' என்பது எங்கிருந்து வந்தது? இவ்வாறு கேட்கப் பழக்குவதே நூலின் சிறப்பு.

ஆனால், படுக்கையை விட்டு எழவே மனமில்லாதவர் பேனாவை எடுப்பாரா? செயலின்மை பற்றிப் பர்ன்ஸ் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தாலும், நூல் எண்ணத்தின் பக்கமே சாய்கிறது. 1996-இல் அமெரிக்காவில் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அன்றாடச் செயல்களை மீட்கும் பகுதியை மட்டும் பெற்றவர்களும், முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நிகராகத் தேறினர். காரணம் புரியக்கூடியதே. சோர்ந்தவர் வெளியே போவதை நிறுத்துகிறார், மகிழ்ச்சி தரும் அனுபவங்கள் அற்றுப்போகின்றன, சோர்வு வளர்கிறது. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் 10 நிமிட நடை, விட்டுப்போன நண்பருடன் ஒரு தேநீர் போன்ற சிறு செயல்கள் இச்சுழலை அறுக்கின்றன. மனம் வரும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் செய்வதே முறை.

நூலின் மற்றொரு குறை, வாசகரைத் தனியே விட்டுவிடுவது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் சோர்வுற்ற 495 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் 6 முதல் 8 சந்திப்புகளில் செயல்வழியைக் கற்பித்தனர். 3 மாதத்தில் நோய் தணிந்தவர்கள் நூற்றுக்கு 64 பேர். அந்தப் பயிற்சி பெறாமல் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 39 பேர். நம் புறநகர்ச் சுகாதார நிலையங்களுக்கும் ஏற்ற வழி இது.

இருப்பினும் 36 பேர் அதிலும் தேறவில்லை என்பதை மறவாதீர்கள். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சாகும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416.

பர்ன்ஸின் நூல் படிக்கத் தகுந்ததே. செயல் பற்றிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள்; கூடுமானால் ஒரு துணையோடு படியுங்கள்.