இளிவும் இழவும்: லோயிஸ் லௌரியின் புதினம் ஒன்று

அழுகை என்னும் மெய்ப்பாடு பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கு என வகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் இழவு ஒன்று, இளிவு மற்றொன்று. உடன்பிறந்தாரின் கொடுநோயைப் பொருளாகக் கொண்ட கதைகள் பெரும்பாலும் இழவினை மட்டுமே பற்றிச் செல்வன. அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரி 1977இல் வெளியிட்ட 'எ சம்மர் டு டை' என்னும் இளையோர் புதினம், அவ்விரண்டனையும் ஒருத்தி நெஞ்சிலேயே வைத்துக் காட்டுதலின் யாம் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம். ஆசிரியர்தம் முதற் புதினம் இது. இளமையிலேயே புற்றுநோயால் மறைந்த தம் தமக்கையின் நினைவே இதற்கு வித்து. எனினும் நிகழ்ச்சிகள் புனைந்துரையே.

கதை சொல்பவள் 13 வயதுடைய மெக். தமக்கை மோலிக்கு வயது 15. நாட்டுப்புற வீடொன்றில் இருவர்க்கும் ஓர் அறையே அமைகின்றது. ஒழுங்கை விரும்பும் மோலி, சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து அறையை இரண்டாக்குகிறாள். கதை தொடங்குவதே அக்கோட்டில்தான். மோலி அழகி, எல்லாரும் விரும்பும் இயல்பினள். மெக்கோ தன்னை அவளோடு ஒப்பிட்டுத் தானே எளியளாகின்றாள். இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளியராதல் என்பது உரையாளர் கருத்து. ஈண்டு இகழ்வார் பிறரல்லர் என்பது நோக்கத்தக்கது.

மோலிக்கு மூக்கில் குருதி ஒழுகத் தொடங்கிய பின்னரும் மெக்கின் பொறாமை அடங்கவில்லை. நோய் இரத்தப் புற்று என்பதும், தமக்கை பிழையாள் என்பதும் அவளுக்குக் காலந்தாழ்த்தே தெரிகின்றன. பெற்றோரின் இம்மறைப்பு கதைப்போக்கிற்கு வேண்டிய உத்தி மட்டுமன்று. நோயின் தன்மை அறிந்திருப்பின் மெக் தன் பொறாமையை உடனே மறைத்திருப்பாள். நாம் அதனைக் கண்டிருக்கவே மாட்டோம். நோயுற்றார் வீட்டுப் பிள்ளைகள் வெளியிடத் துணியாத ஓர் உணர்ச்சியை இவ்வாறு வெளிக்கொணர்ந்ததே நூலின் தலைசிறந்த பண்பு என்போம்.

அண்டை வீட்டில் குழந்தை பிறத்தலைப் படம்பிடித்த மெக், மருத்துவமனையில் கிடக்கும் மோலியிடம் சென்று அச்செய்தியைச் சொல்கிறாள். பிறப்பையும் இறப்பையும் அருகருகே நிறுத்துதல் எளிய ஆறுதல் எனக் குறை கூறுவார் உளர். அதனை யாம் முற்றும் உடன்படோம். பிறந்த குழந்தை எவ்வாற்றானும் மோலிக்கு ஈடாக நிற்கவில்லை. பேச வேறொன்றும் இல்லாத இடத்தில் தங்கை கொண்டு சென்ற செய்தி அது.

குறை வேறிடத்தில் உள்ளது. முதியவர் வில் பாங்க்ஸ் எடுத்த தன் படத்தைக் கண்காட்சியில் காணும் மெக், அதில் மோலியின் சாயலைக் காண்கிறாள். இளிவு நீங்கும் இடம் அஃதே. ஆயினும் படிப்போர் தாமே உணர்தற்கு உரியதனை ஆசிரியர் மெக்கின் வாயால் விரித்துரைத்துவிட்டார். மோலி பெயர் கற்றுத் தொகுத்த காட்டுப் பூக்களுள், அவள் காண இயலாது போன ஒன்று இலையுதிர்காலத்தில் மலர்கின்றது. அங்குச் சொற்கள் மிகச் சில.